சம்மரி ஜட்ஜ்மென்ட் கெடு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடக்கும்போது, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்காமலேயே, எழுத்தில் உள்ள ஆதாரங்களை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிடும்படி ஒரு தரப்பு கேட்பதற்குப் பெயர் சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு. வேலையில் பாகுபாடு, சம்பள பாக்கி, காப்பீட்டுத் தொகை மறுப்பு போன்ற வழக்குகளை வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தாமே நடத்தும் நம்மவர்களில் பலர், வழக்கின் நியாயம் பேசப்படுவதற்கு முன்பே இந்த மனுவுக்கான கெடுவில் தோற்றுப்போகிறார்கள். ஊர் நீதிமன்றங்களில் வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு, இங்கே ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றம் காரணம் கேட்கும் என்பது அந்த நாள் கடந்த பிறகே உறைக்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் கெடுக்களைக் கணக்கிட்டு நாள்காட்டியில் ஏற்றும் பணியில் இருப்பதால், ஒரே வகையான கோளாறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். அவற்றை அறிகுறி வாரியாக, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்கின் நீதிபதி போட்ட உத்தரவும் உங்கள் நீதிமன்றத்தின் உள்ளூர் விதியும் இங்கே எழுதியிருப்பதிலிருந்து மாறுபட்டால், அவற்றையே பின்பற்ற வேண்டும்.

அறிகுறி 1: கடைசி நாள் எதுவென்றே தெரியவில்லை

முதலில் வழக்கின் டாக்கெட்டை, அதாவது நீதிமன்றம் பராமரிக்கும் நடவடிக்கைப் பட்டியலை, தொடக்கத்திலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். பேசர் என்னும் இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் வீதம் இதைப் பார்க்கலாம். பெரும்பாலான ஆவணங்களுக்கு 3 டாலருக்கு மேல் வாங்குவதில்லை, மூன்று மாதக் காலாண்டில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. தபாலை மட்டும் நம்பியிருப்பவர் வீடு மாறிய பிறகு புதிய முகவரியை நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவிக்காமல் விட்டிருந்தால், உத்தரவுகள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். கெடு தெரியாமல் போனதற்கு மிக எளிய காரணம் இதுதான். இரண்டு வரிக் கடிதத்தில் அது சரியாகும்.

டாக்கெட்டில் தேட வேண்டியது ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளில் விதி 16இன்படி நீதிபதி இட்ட கால அட்டவணை உத்தரவு. அதில் "சம்மரி ஜட்ஜ்மென்ட்" என்ற சொல்லைத் தேடிக் காணாமல், கெடு எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிடுபவர்கள் உண்டு. பல உத்தரவுகளில் அது "டிஸ்பாசிட்டிவ் மோஷன்ஸ்" (வழக்கையே முடித்துவைக்கக்கூடிய மனுக்கள்) என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும், ஆகவே அந்தச் சொல்லையும் தேடுங்கள். அட்டவணை பின்னர் திருத்தப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். சில நீதிபதிகள் திருத்தத்தைத் தனி ஆவணமாக இணைக்காமல் டாக்கெட்டிலேயே ஓரிரு வரிகளில் எழுதிவிடுவார்கள், திறந்து படிக்கக் கோப்பு இல்லாததால் அந்த வரி கண்ணில் படாமல் போகும்.

*உத்தரவில் நாள் இருக்கிறது:* அதுவே கெடு. வேறு எந்த விதியையும் அதற்கு எதிராக எடுத்துக்காட்ட முடியாது.

*உத்தரவில் நாள் இல்லை:* நீதிபதியின் தனி நடைமுறைக் குறிப்பையும், பிறகு அந்த மாவட்டத்தின் உள்ளூர் விதிகளையும் பாருங்கள். சில நீதிபதிகள் மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன் ஒரு கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும் என்கிறார்கள், அப்படியானால் உங்களுடைய உண்மையான கெடு அந்தக் கடிதத்துக்கான நாள்தான். டெக்சஸ் வடக்கு மாவட்டத்தின் உள்ளூர் விதி, நீதிபதி வேறு விதமாகச் சொல்லாத வரை, விசாரணை நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் இந்த மனுவைத் தாக்கல் செய்ய முடியாது என்கிறது.

*இவை எதிலும் இல்லை:* அப்போதுதான் ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 56(பி) உங்களுக்குப் பொருந்தும். அதன்படி டிஸ்கவரி, அதாவது இரு தரப்பும் ஆதாரங்களைக் கேட்டுப் பெறும் கட்டம், முழுவதும் முடிந்த நாளிலிருந்து 30 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். இங்கே "முழுவதும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மைகள் குறித்த டிஸ்கவரிக்கு ஒரு முடிவு நாளும் நிபுணர் சாட்சிகளுக்கு வேறு முடிவு நாளும் இருந்தால், பிந்தைய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

டிஸ்கவரி நீட்டிக்கப்பட்டால் மனுவின் கெடுவும் தானாக நீளும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. உத்தரவு "டிஸ்கவரி முடிந்து 30 நாள்" என்று சொன்னால் நீளும். "செப்டம்பர் 12" என்று நாளைக் குறித்துச் சொன்னால், அந்த நாளையும் மாற்றி எழுதினால் தவிர, நீளாது. இரண்டு உத்தரவுகள் முரண்படுவதாகத் தோன்றினால், கிளார்க் அலுவலகத்தில் விளக்கம் கேட்பதில் பயனில்லை, அவர்கள் சட்ட ஆலோசனை தரக்கூடாது. முந்தைய நாளையே கெடுவாக வைத்துக்கொண்டு, விளக்கம் கோரி நீதிபதிக்கு ஒரு சிறு மனுவைத் தாக்கல் செய்வதே பாதுகாப்பான வழி.

அறிகுறி 2: எண்ணும்போதெல்லாம் வேறு வேறு நாள் வருகிறது

முதல் கேள்வி: எண்ண வேண்டிய தேவை இருக்கிறதா? நீதிபதி நாளைக் குறித்துவிட்டால் விதி 6(ஏ)வின் எண்ணும் முறை பொருந்தாது. குறித்த நாள் சனிக்கிழமையாக இருந்தாலும் அது தானாகத் திங்களுக்கு நகரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். தபாலுக்கான மூன்று நாள் சலுகையும் குறித்த நாளுக்குக் கிடையாது.

எண்ண வேண்டும் என்றால், நிகழ்ச்சி நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து தொடங்கி, இடையில் வரும் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது சட்டபூர்வ விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்கு நகரும். ஓர் உதாரணம்: எதிர்த்தரப்பின் மனு 2025 ஜூன் 5, வியாழனன்று மின்னணு முறையில் வந்தது, பதிலுக்கு 14 நாள் என்று உள்ளூர் விதி சொல்கிறது. பதினான்காவது நாள் ஜூன் 19. அது ஜூன்டீன்த் விடுமுறை என்பதால் கெடு ஜூன் 20, வெள்ளி. பழைய விடுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணுபவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். "விசாரணைக்கு 7 நாள் முன்பு" என்பது போலப் பின்னோக்கி எண்ணும்போது நகர்வும் பின்னோக்கியே போகும். அதாவது ஏழாவது நாள் ஞாயிறாக இருந்தால் கெடு வெள்ளிக்கிழமைதான், திங்கள் அல்ல.

மூன்று நாள் சலுகைதான் மிகுதியான குழப்பத்தைத் தருகிறது. உங்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்ட ஆவணத்துக்கு, அது சார்வு செய்யப்பட்ட, அதாவது உங்களுக்கு முறைப்படி அனுப்பப்பட்ட, நாளிலிருந்து ஓடும் கெடுவுக்கு, விதி 6(டி) மூன்று நாள் கூட்டித் தருகிறது. மின்னணுச் சார்வுக்கும் முன்பு அந்தச் சலுகை இருந்தது, 2016 டிசம்பர் 1இல் அது நீக்கப்பட்டது. இணையத்தில் இன்னும் சுற்றும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மூன்று நாளைக் கூட்டிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூட்டும் முறையிலும் ஒரு வரிசை உண்டு: முதலில் கெடுவைக் கணக்கிட்டு, விடுமுறைக்காக நகர்த்தி, அதன் பிறகே மூன்றைக் கூட்ட வேண்டும். 2025 மே 1, வியாழனன்று தபாலில் போட்ட கோரிக்கைக்கு 30 நாளில் பதில் என்றால், முப்பதாவது நாள் மே 31, சனி. அது ஜூன் 2, திங்களுக்கு நகர்கிறது, மூன்றைக் கூட்டினால் ஜூன் 5, வியாழன். ஆனால் கலிஃபோர்னியா வடக்கு மாவட்டம் போன்ற இடங்களில் பதிலுக்கான 14 நாள், சார்வு செய்த நாளிலிருந்து அல்லாமல் மனுத் தாக்கலான நாளிலிருந்தே ஓடுகிறது. ஆகவே எந்த நிகழ்ச்சியிலிருந்து எண்ணச் சொல்கிறது என்று உள்ளூர் விதியின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படித்த பிறகே கூட்டத் தொடங்குங்கள்.

பதிலுக்கு 21 நாள், மறுபதிலுக்கு 14 நாள் என்று ஃபெடரல் விதியிலேயே இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது 2009இல் சேர்க்கப்பட்டு 2010இல் நீக்கப்பட்ட வாசகம். இப்போது விதி 56இல் பதிலுக்கான நாள் எதுவும் இல்லை, உள்ளூர் விதியும் நீதிபதியின் உத்தரவும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. டெக்சஸ் வடக்கு மாவட்டத்தில் பதிலுக்கு 21 நாள் கிடைக்கிறது, கலிஃபோர்னியா வடக்கில் 14 நாள்தான். வேறு மாவட்டத்தில் வழக்கு நடத்திய நண்பரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

இனி, நாள் முடியும் நேரம். மின்னணு முறையில் தாக்கல் செய்பவருக்கு நீதிமன்றம் இருக்கும் இடத்தின் நள்ளிரவு, காகிதத்தில் தாக்கல் செய்பவருக்குக் கிளார்க் அலுவலகம் மூடும் நேரம். சான் ஹோசேயில் அமர்ந்து நியூயார்க் நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவருக்கு உள்ளூர் மணி இரவு ஒன்பதோடு நாள் முடிந்துவிடும். வழக்கறிஞர் இல்லாதவர் நீதிமன்ற உத்தரவோ உள்ளூர் விதியோ அனுமதித்தால்தான் மின்னணு முறையைப் பயன்படுத்த முடியும். அந்த அனுமதியைக் கடைசி நாளுக்கு முன்பே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: கெடு நெருங்குகிறது, பதில் முடியவில்லை

கெடு கடக்காத வரை இது சரிசெய்ய எளிதான கோளாறு. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் எழுதி, எத்தனை நாள் வேண்டும், ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் இசைவார்கள். ஆனால் அவர் "சரி" என்று எழுதியதே நீட்டிப்பு ஆகிவிடாது. மனுவின் கெடுவை மாற்றும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது, அந்த இசைவை மனுவில் குறிப்பிட்டு நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். சில மாவட்டங்களில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்புதல் குறிப்பைத் தாக்கல் செய்தால் போதும் என்று உள்ளூர் விதி சொல்லும், அது உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இசையவில்லை என்றால், விதி 6(பி)(1)(ஏ)வின்படி நீங்களே கேட்கலாம். கெடு கடப்பதற்கு முன் கேட்டால் காட்ட வேண்டியது "தகுந்த காரணம்" மட்டுமே. கால அட்டவணை உத்தரவில் எழுதப்பட்ட நாளை மாற்றக் கேட்பதானால் விதி 16(பி)(4) குறுக்கே வரும். அங்கேயும் சோதனை தகுந்த காரணம்தான் என்றாலும், நீதிபதிகள் அதில் முதன்மையாகப் பார்ப்பது நீங்கள் இதுவரை முனைப்பாக இருந்தீர்களா என்பதை. ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான்சன் எதிர் மாமத் ரெக்ரியேஷன்ஸ் வழக்கில் 1992இல் அதைத் தெளிவாகச் சொன்னது, மற்ற இடங்களிலும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே மனுவில் "வேலை மிகுதி" என்று மட்டும் எழுதாமல், எந்த ஆவணத்தை எந்த நாளில் கேட்டீர்கள், எப்போது வந்தது, எதுவரை எழுதி முடித்திருக்கிறீர்கள் என்று நாள் வரிசையில் எழுதுங்கள்.

நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டது கெடுவை நிறுத்தி வைக்காது. கடைசி நாளில் நீட்டிப்பு மனுவை மட்டும் போட்டுவிட்டு உத்தரவுக்காகக் காத்திருப்பவர், உத்தரவு மறுத்து வந்தால் கையில் எதுவும் இல்லாமல் நிற்பார். மாலைக்குள் உத்தரவு வரவில்லையென்றால், முடிந்த அளவில் பதிலைத் தாக்கல் செய்துவிடுங்கள், பின்னர் சேர்க்க அனுமதி கேட்கலாம். முழுமையற்ற பதிலுக்கு நீதிபதியிடம் ஓரளவு இடம் உண்டு, பதிலே இல்லாத நிலை அதைவிட மிக மோசமானது.

அறிகுறி 4: பதில் எழுதத் தேவையான ஆதாரம் எதிர்த்தரப்பிடமே இருக்கிறது

சம்மரி ஜட்ஜ்மென்ட் மனுவை டிஸ்கவரி முடியும் முன்பே போட விதி 56(பி) தடை செய்யவில்லை. அதனால் நீங்கள் கேட்ட மின்னஞ்சல்களும் பணியாளர் கோப்பும் வந்து சேராத நிலையிலேயே மனு வந்து நிற்கும். இதற்கென்றே உள்ளது விதி 56(டி). பதிலுக்கான கெடுவுக்குள், உண்மையென உறுதியளிக்கும் வாக்குமூலம் ஒன்றைத் தாக்கல் செய்து, எந்த உண்மையைத் தேடுகிறீர்கள், அது யாரிடம் இருக்கிறது, இதுவரை ஏன் கிடைக்கவில்லை, கிடைத்தால் மனுவின் எந்த வாதம் விழும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். "இன்னும் டிஸ்கவரி தேவை" என்ற பொதுவான வரி வேலை செய்யாது. சொன்னது நிறைவாக இருந்தால் நீதிபதி மனுவைத் தள்ளிவைக்கலாம், மறுக்கலாம், கூடுதல் காலம் தரலாம்.

டிஸ்கவரிக்கு ஏராளமான மாதங்கள் இருந்தும் கேள்வி எதுவும் அனுப்பாமல் இருந்தவருக்கு இந்த விதி கைகொடுப்பது அரிது. கேள்விகளுக்கும் ஆவணக் கோரிக்கைகளுக்கும் எதிர்த்தரப்புக்குப் பொதுவாக 30 நாள் உண்டு என்பதால், அந்த 30 நாளும் முடிவு நாளுக்குள் அடங்கும்படி முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். முடிவு நாளுக்கு முந்தைய வாரத்தில் அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் சொல்ல மறுத்தால் நீதிபதி பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்பார். 56(டி) வாக்குமூலத்தோடு, கையில் இருக்கும் ஆதாரங்களை வைத்துத் தகுதி அடிப்படையிலான, அதாவது மனுவின் வாதங்களையே எதிர்கொள்ளும், பதிலையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். இந்தக் கட்டத்தில், முழு வழக்குக்கும் அல்லாமல் இந்த ஒரு பதிலுக்கு மட்டும் வரையறுத்த பணியாக வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவது பயன் தரும் செலவு என்பது என் கருத்து. பல ஃபெடரல் நீதிமன்றக் கட்டடங்களில், தாமே வழக்கு நடத்துபவர்களுக்கான இலவச உதவி மையங்களும் இருக்கின்றன.

அறிகுறி 5: பதில் போட்டும், மறுக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்கிறது

இதுவும் கெடு சார்ந்த கோளாறுதான், ஆனால் தவறிய கெடு வேறிடத்தில் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது விதி 36. எதிர்த்தரப்பு, "இது உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள்" என்று எண்ணிட்ட வாக்கியங்களாக ஒரு கோரிக்கையை மாதங்களுக்கு முன்பே அனுப்பியிருக்கும். 30 நாளில் எழுத்தில் பதில் தராவிட்டால் அத்தனையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அதற்குத் தனி உத்தரவு கூடத் தேவையில்லை. அந்தத் தாள் மற்ற டிஸ்கவரித் தாள்களோடு கலந்து மேசையில் கிடக்க, சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு அதையே அடித்தளமாக்கி எழுப்பப்பட்டிருக்கும். இதைக் கண்டவுடன், விதி 36(பி)யின்படி ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதி கேட்டுத் தனி மனுப் போடுங்கள். வழக்கு அதன் தகுதியில் தீர்க்கப்பட அது உதவும் என்பதையும், எதிர்த்தரப்பு தன் வழக்கை நடத்துவதில் அதனால் பாதிக்கப்படாது என்பதையும் காட்ட வேண்டும். விசாரணை நாள் நெருங்க நெருங்க இரண்டாவதைக் காட்டுவது கடினமாகும்.

அது இல்லையென்றால், மனுவோடு வந்த உண்மைப் பட்டியலைப் பாருங்கள். நியூயார்க் தெற்கு, கிழக்கு மாவட்டங்களின் உள்ளூர் விதி 56.1 போன்றவை, எண்ணிட்ட ஒவ்வொரு பத்திக்கும் எண்ணிட்டு மறுப்பும், மறுப்புக்கு ஆதாரமான பக்கத்தின் சுட்டும் கேட்கின்றன. குறிப்பாக மறுக்கப்படாத பத்தி ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும். உருக்கமாக எழுதிய நீண்ட கடிதம் இந்தப் பட்டியலுக்குப் பதில் ஆகாது.

மூன்றாவது, உங்கள் வாக்குமூலத்தின் வடிவம். நோட்டரி தேவையில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பு 1746ஆம் பிரிவின்படி, பொய்ச்சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உண்மையெனச் சொல்கிறேன் என்று எழுதி, நாளிட்டுக் கையெழுத்திட்டால் போதும். சாட்சி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கையெழுத்திட்டால், "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி" என்ற சொற்களும் அந்த உறுதிமொழியில் சேர வேண்டும். வேறொரு மொழியில் எழுதிய வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் இணைக்கப்பட வேண்டும் என்பதால், அதற்கான நாட்களையும் கெடுவுக்குள்ளேயே ஒதுக்குங்கள்.

நான்காவது காரணம் செலவு மிக்கது. நிபுணரையோ சாட்சியையோ உரிய காலத்தில் எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமல், இப்போது பதிலில்தான் முதன்முறையாகக் கொண்டுவருகிறீர்கள் என்றால், விதி 37(சி)(1) அந்தச் சாட்சியத்தை வெளியே தள்ளும். தாமதம் நியாயமானது அல்லது தீங்கற்றது என்று காட்டினால்தான் உள்ளே வரும். இதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

அறிகுறி 6: பதிலுக்கான கெடு கடந்துவிட்டது, உத்தரவு இன்னும் வரவில்லை

கடந்தது நேற்று என்றால் இன்றே செயல்படுங்கள். முந்தைய அறிகுறிகளில் நாளை செய்யலாம் என்று விட்டிருந்தாலும் இங்கே விடக் கூடாது. கெடு கடந்த பின் கேட்பதற்கு விதி 6(பி)(1)(பி) வேறு அளவுகோலை வைக்கிறது: காரணம் மட்டும் போதாது, தவறியது மன்னிக்கத்தக்க கவனக்குறைவால் என்றும் காட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் 1993இல் பயனியர் இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் சொன்ன நான்கையும் உங்கள் மனு வரிசையாகத் தொட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நேரும் பாதிப்பு, தாமதத்தின் நீளமும் அது வழக்கின் போக்கைக் குலைக்கும் அளவும், தாமதத்தின் காரணம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பது, நீங்கள் நல்லெண்ணத்தோடு நடந்தீர்களா என்பது ஆகியவையே அந்த நான்கு. விதி தெரியாது, விதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பவை வழக்கமாக மன்னிக்கத்தக்கவை ஆகா என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மருத்துவமனை அனுமதி, தபால் திரும்பி வந்த உறை, கணினித் தாக்கல் தோல்வியுற்ற திரையின் படம் என்று காட்டக்கூடிய எதுவும் இருந்தால் இணையுங்கள். நீதிமன்றத்தின் தாக்கல் முறையே செயலிழந்திருந்தால், கிளார்க் அலுவலகத்தை அணுக முடியாத நிலைக்கு விதி 6(ஏ)(3) தரும் தனி நிவாரணத்தைக் கேளுங்கள்.

தாமதமான பதிலையே அந்த மனுவோடு இணைத்துத் தாக்கல் செய்யுங்கள். அனுமதி கிடைத்த பிறகு எழுதுகிறேன் என்றால் தாமதம் இன்னும் நீளும் என்று நீதிபதி கணக்கிடுவார், கையில் பதில் இருந்தால் தாமதம் இத்தனை நாள்தான் என்று கண்ணுக்குத் தெரியும்.

அனுமதி மறுக்கப்பட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பதில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக சம்மரி ஜட்ஜ்மென்ட் வழங்க முடியாது. மறுக்கப்படாத உண்மைகளை ஏற்றுக்கொண்ட பிறகும், மனுதாரரின் ஆதாரங்கள் அவருக்குத் தீர்ப்புப் பெறும் உரிமையைத் தருகின்றனவா என்று நீதிபதி பார்த்தாக வேண்டும் என்பதே விதி 56(இ)யின் போக்கு. நீங்கள் வாதியாக இருந்து, வழக்குரையில் பொய்ச்சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதியளித்துக் கையெழுத்திட்டிருந்தால், உங்கள் நேரடி அறிவில் உள்ளவற்றுக்கு அதையே சாட்சியமாக ஏற்கும் நீதிமன்றங்கள் பல உண்டு, அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அறிகுறி 7: கெடுவைக் கடந்து மனுப் போட்டது எதிர்த்தரப்பு

தாமதத்தைக் காட்டி மனுவை நீக்கக் கேட்கலாம். அதை நம்பி, பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீதிபதி தாமதத்தை மன்னித்து மனுவை எடுத்துக்கொள்ளலாம், அல்லது விதி 56(எஃப்)இன்படி முன்னறிவிப்பும் நியாயமான காலமும் தந்து தாமாகவே அந்தக் கேள்வியை எடுக்கலாம். ஆட்சேபணையை முதல் பகுதியாகவும் தகுதி அடிப்படையிலான பதிலை இரண்டாம் பகுதியாகவும் வைத்து, பதிலுக்கான கெடுவுக்குள் ஒரே தாக்கலாகக் கொடுங்கள்.

அறிகுறி 8: தீர்ப்பு வந்துவிட்டது

கையில் வந்தது என்ன தாள் என்பதைப் பொறுத்தே அடுத்த கெடு.

*மாஜிஸ்திரேட் நீதிபதியின் அறிக்கையும் பரிந்துரையும்:* மாவட்ட நீதிபதிக்கு உதவியாக இருக்கும் நீதிபதி அவருக்கு எழுதித் தருவது என்பதால், இது இன்னும் தீர்ப்பு அல்ல. விதி 72(பி)யின்படி சார்வு செய்யப்பட்டதிலிருந்து 14 நாளில், எந்தப் பத்தியை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று குறிப்பாக எழுதிய ஆட்சேபணையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டவருக்கு மேல்முறையீட்டில் அந்த விஷயத்தைப் பேச முடியாது என்று சர்க்யூட் நீதிமன்றங்கள் விதி வகுத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 1985இல் தாமஸ் எதிர் ஆர்ன் வழக்கில் ஏற்றது. ஆனால் வழக்கு முழுவதையும் மாஜிஸ்திரேட் நீதிபதியே தீர்க்கலாம் என்று தொடக்கத்தில் நீங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், வந்தது பரிந்துரை அல்ல, இறுதித் தீர்ப்பு. அப்போது நேரே மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும். அந்தப் படிவத்தை டாக்கெட்டில் தேடிப் பாருங்கள்.

*சில கோரிக்கைகள் மட்டும் தள்ளுபடி, மற்றவை நிற்கின்றன:* விதி 54(பி)யின்படி நீதிபதி தனியாக இறுதித் தீர்ப்பாக அறிவித்தால் ஒழிய, மேல்முறையீட்டுக் கெடு பொதுவாக இன்னும் தொடங்கவில்லை.

*முழு வழக்கும் முடிந்தது:* தீர்ப்புப் பதிவான நாளிலிருந்து 28 நாளில், தீர்ப்பை மாற்றக் கேட்கும் விதி 59(இ) மனு, 30 நாளில் மேல்முறையீட்டு நோட்டீஸ். அமெரிக்க அரசோ அதன் துறையோ ஒரு தரப்பாக இருந்தால் நோட்டீஸுக்கு 60 நாள். அந்த 28 நாளை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை என்று விதி 6(பி)(2) சொல்கிறது. உரிய காலத்தில் போட்ட 59(இ) மனு மேல்முறையீட்டுக் கெடுவை நிறுத்தி வைக்கும். தீர்ப்பிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விதி 60(பி) மனு, 28 நாளுக்குள் போட்டால் மட்டுமே அப்படி நிறுத்தும், அதன் பிறகு போட்டால் 30 நாள் தன்பாட்டில் ஓடி முடிந்துவிடும். தவறு, புதிய ஆதாரம், மோசடி ஆகிய காரணங்களுக்கு விதி 60(பி) ஓராண்டு வரை இடம் தருகிறது என்பதைப் படித்துவிட்டு, மேல்முறையீட்டுக்கும் ஓராண்டு இருப்பதாக எண்ணிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*30 நாளும் கடந்துவிட்டது:* அடுத்த 30 நாளுக்குள், மேல்முறையீட்டு நடைமுறை விதி 4(ஏ)(5)இன்படி மாவட்ட நீதிமன்றத்திலேயே நீட்டிப்புக் கேட்கலாம். தீர்ப்பு வந்ததே தெரியாது என்றால் 4(ஏ)(6) உண்டு: பதிவான 21 நாளுக்குள் உங்களுக்கு அறிவிப்பு வரவில்லை என்று காட்டி, தீர்ப்புப் பதிவாகி 180 நாள் அல்லது அறிவிப்பு வந்து 14 நாள், இரண்டில் எது முன்னதோ அதற்குள் கேட்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளிலும் அன்றைய தினமே மேல்முறையீட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள், இங்கே நேரும் பிழையைத் திருத்த வழியில்லை. போல்ஸ் எதிர் ரசல் வழக்கில் 4(ஏ)(6)இன்படி கிடைக்க வேண்டியது 14 நாள், மாவட்ட நீதிபதி தவறாக 17 நாள் கொடுத்தார். போல்ஸ் நீதிபதி குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பே நோட்டீஸைத் தாக்கல் செய்தார், ஆனால் அது பதினான்காவது நாளைக் கடந்திருந்தது. சட்டம் வகுத்த அந்தக் கெடுவை நீதிபதியின் உத்தரவாலும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் 5க்கு 4 என்ற கணக்கில் முடிவு செய்தது. ஆகவே மேல்முறையீட்டுக் கெடு எதுவானாலும், உத்தரவில் எழுதியுள்ள நாளையும் விதியின்படி நீங்களே கணக்கிட்ட நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டில் முந்தைய நாளுக்குள் நோட்டீஸைத் தாக்கல் செய்யுங்கள்.